இரண்டு முறை மிதித்தால்தான் கியர் விழுகிறது: கிளட்ச் பெடல் கோளாறைத் தேடிய பதிவு

வண்டி ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள சின்ன ஹேட்ச்பேக்: பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பைப் வழியாக ஆயிலைத் தள்ளும், மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டரின் ராட் நகர்ந்து கிளட்சை விடுவிக்கும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. காலையில் முதல் மிதிக்கு ரிவர்ஸ் கர்ரென்று கத்துகிறது. காலை எடுத்து உடனே இன்னொரு முறை மிதித்தால் சத்தமில்லாமல் விழுகிறது. முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நின்றால் அரை நிமிடத்துக்குள் வண்டி முன்னே நகரப் பார்க்கிறது. பெடல் கனக்கவில்லை, நாலாவது கியரில் மேடேறும்போது முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் எஞ்சின் மட்டும் தனியாக அலறவில்லை. அதனால் கிளட்ச் பிளேட் மீதான சந்தேகம் பின்னுக்குப் போனது. கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை.

முதல் நாள்: அளவு

காலுக்குத் தெரிவதை நம்பி இறங்கினால் பாதி வேலை வீண். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல், ஸ்லேவ் சிலிண்டரின் ராட் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் மிதிக்க ஒருவர் அளந்தோம்.

பெடல் மேலிருந்து தரைவரை போகும் தூரம் 140 மி.மீ. விரலால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் போகும் தூரம் மட்டும் 16 மி.மீ. இது அதிகம். ஸ்லேவ் ராட் நகர்ந்த தூரம்: மெதுவாக மிதித்தால் 9 மி.மீ., சட்டென்று மிதித்தால் 12.5 மி.மீ. மிதித்தபடியே 30 விநாடி பிடித்திருந்தால் அந்த 12.5 சன்னமாகப் பின்வாங்கி 8.5-க்கு வந்துவிடுகிறது.

இந்த வித்தியாசம்தான் முக்கியமான துப்பு. பைப்பில் காற்று மட்டும் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் மிதித்துப் பிடித்த இடத்தில் ராட் நிற்கும், பின்வாங்காது. மெதுவாக மிதித்தால் குறைவு, வேகமாக மிதித்தால் கூடுதல், பிடித்திருந்தால் இறங்குகிறது என்றால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே கசிகிறதா, உள்ளுக்குள்ளேயே ரப்பர் சீலைத் தாண்டித் திரும்பி ஓடுகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டாம் நாள்: எந்த சிலிண்டர்?

ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை. ஸ்லேவின் ரப்பர் பூட்டை விளிம்பில் மெதுவாக விலக்கிப் பார்த்தால் உள்ளே காய்ந்த தூசி, ஈரம் இல்லை. பெடலுக்குப் பின்னால், மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராட் உள்ளே நுழையும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அங்கேயும் காய்ந்துதான் இருந்தது. பலர் இங்கே பானட் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாஸ்டர் வெளியே கசிந்தால் கேபினுக்குள், மிதியடிக்கு அடியில்தான் முதலில் தெரியும்.

உறுதிப்படுத்த ஹோஸ் சோதனை. ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை உருண்டை முனை உள்ள ஹோஸ் கிளாம்பால் இறுக்கினோம். வைஸ் கிரிப்பைப் போட்டுக் கடிக்க வைக்கக் கூடாது. ஹோஸின் உள்தோல் கிழிந்து, நாளைக்கு அதுவே வால்வு மாதிரி அடைத்துக்கொள்ளும். கிளாம்ப் போட்டபின் பெடல் கல் மாதிரி நின்றால் கோளாறு கிளாம்புக்குக் கீழே. இங்கே கால் அழுத்தத்துக்குப் பெடல் அப்போதும் மெல்ல இறங்கிக்கொண்டே போனது. மாஸ்டர் சிலிண்டரின் சீல்தான்.

ஆனால் அந்த 16 மி.மீ. வெற்று ஆட்டத்துக்கு சீல் காரணம் ஆகாது. பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிப் பார்த்தபோது ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி. சின்ன எண்ணாகத் தோன்றும். இந்தப் பெடலின் நெம்பு விகிதம் (புஷ் ராட் 1 மி.மீ. நகரக் கால் பக்கம் நகர வேண்டிய தூரம்) ஏறத்தாழ 5.5. அப்படியானால் கால் பக்கத்தில் 8 மி.மீ. வீணாகிறது. மாஸ்டர் 15.87 மி.மீ., ஸ்லேவ் 19.05 மி.மீ. விட்டம், பரப்பளவுக் கணக்கில் மாஸ்டரில் 1 மி.மீ. போனால் ஸ்லேவில் 0.7 மி.மீ. கிடைக்கும். ஆக, ஓர் ஓட்டைத் தேய்மானமே ஸ்லேவில் 1 மி.மீ.-ஐத் தின்றுவிட்டது. சீல் மட்டும் மாற்றியிருந்தால் பாதி குணமாகி, கொஞ்ச நாளில் மறுபடி புகார் வந்திருக்கும்.

மூன்றாம் நாள்: மாற்றியதும் படுத்தியதும்

ரப்பர் கிட் மட்டும் போடலாமா என்று சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தோம். உள்சுவரில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு கோடு. அதன்மேல் புது ரப்பர் போட்டால் அதுவும் தேயும். முழு மாஸ்டரையே மாற்றியாயிற்று. ஓட்டையைத் துளைத்துப் புது புஷ் (bush, ஓட்டைக்குள் உட்காரும் வளையம்) அடித்து, புதுப் பின். கழுவ பெட்ரோல், டீசல் ஆகாது, சீல் ஊதிப்போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

புஷ் ராடை முழுக்க இறுக்கி இடைவெளியே இல்லாமல் வைப்பது பெரிய தவறு. பிஸ்டன் முழுதாகத் திரும்பாவிட்டால் டப்பாவுக்குப் போகும் சின்ன துவாரம் மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரிந்து வெளியேற வழியில்லாமல் கிளட்சைத் தானே அழுத்தும், ஓட ஓட வழுக்கும். ராடில் 1 மி.மீ.-க்குச் சற்று மேல், பெடலில் 7 மி.மீ. என்று நிறுத்தினோம்.

ஏர் எடுப்பதுதான், அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான், பொறுமையைச் சோதித்தது. வழக்கமான முறை: ஸ்லேவில் காற்றை வெளியேவிடும் திருகான நிப்பிளில் தெளிந்த டியூப், அதன் முனை ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியிருக்க, மிதி, நிப்பிளைத் திற, மூடு, பெடலைக் கையால் மேலே இழு. இருபது முறை, 150 மி.லி. டாட் 4 பிரேக் ஆயில் போனபின்னும் பெடல் பஞ்சாகவே இருந்தது. காரணம், பைப் நடுவில் மேலே வளைந்து பிறகு கீழே இறங்குகிறது. காற்றுக் குமிழி அந்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சின்ன மாஸ்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் அதைக் கீழே கொண்டுவரப் போதாது, காலை எடுத்ததும் குமிழி மறுபடி மேலே ஏறிவிடும்.

அதனால் தலைகீழாக. டப்பாவில் இருந்து பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, 60 மி.லி. சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, ஊசி இடத்தில் டியூப் மாட்டி, ஸ்லேவ் நிப்பிள் வழியாக மெதுவாக மேல்நோக்கித் தள்ளினோம். ஏறக்குறைய 30 மி.லி. போனதும் டப்பாவில் குபுகுபுவென்று குமிழிகள். ஒரு எச்சரிக்கை: டப்பா பிரேக்குக்கும் பொதுவானது. ஸ்லேவில் தங்கிய கறுப்பு ஆயிலை முதலில் கீழ்வழியாக வெளியேற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுக்கு பிரேக் ஆயிலில் போய்ச் சேரும். பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

முடிவில் ஸ்லேவ் ராட் 15.5 மி.மீ. நகர்ந்தது. மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் அதே அளவு, 30 விநாடி பிடித்தும் இறங்கவில்லை. ஐடிலில் மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லை.

வேறு மாதிரி உணர்வுகளுக்கு வேறு இடம். பெடல் நாளுக்கு நாள் கனத்து, கிளட்ச் பிடிக்கும் இடமும் மேலேறிக்கொண்டே போனால் பிளேட் தேய்மானம்; கேபிள் வண்டியாக இருந்தால் முதலில் கேபிளைத் தனியாகக் கழற்றி இழுத்துப் பார்க்க வேண்டும், உள்ளே இழை பிரிந்தாலும் அதே கனம்தான். காலில் அதிர்வு வந்தால் பிரஷர் பிளேட்டின் விரல்களோ ஃபிளைவீலோ சமமாக இல்லை. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்தால் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பாதிவழியில் பெடல் திடீரென லேசாவது பல வண்டிகளில் கோளாறே இல்லை. பெடலுக்கு மேலே இருக்கும் உதவி ஸ்பிரிங் மையத்தைத் தாண்டுகிற இடம் அது.

ஒரு வாரம் ஓடியபின் டப்பாவில் போட்டு வைத்த பேனாக் கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கவில்லை. அந்த ஸ்பிரிங்கின் நுனியில் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் மிச்சம். சிலிகான் கிரீஸ் தடவியாயிற்று, நின்றதா என்று அடுத்த மழைக்குப் பிறகுதான் சொல்ல முடியும்.