சிக்னல் இல்லாத ஊரிலிருந்து என்பிடெல் எழுதுபவர்களுக்கு

பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, வீட்டுல நெட் நிக்காது, ஆன்லைன் கோர்ஸ் நமக்கு ஒத்துவருமா?" ஒத்துவரும். ஆனால் கோர்ஸ் தொடங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறப்பேன் என்றால் கஷ்டம்.

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்களை அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்பார்கள். அது பாதி உண்மை. ஜனவரி, ஜூலை பருவங்களில் 4, 8, 12 வாரம் என ஓடும். வாரம் ஒரு அசைன்மென்ட், அதற்கொரு கெடு. மழைக்கு டவர் படுத்துவிட்டது என்று யாரும் கெடுவைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

நம் வேகத்துக்கு உண்மையிலேயே வளைந்து கொடுப்பவை பழைய பாடங்கள். பல கோர்ஸ்கள் திரும்பத் திரும்ப நடப்பவை. முந்தைய வீடியோக்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. செமஸ்டர் லீவுக்கு முன்பே தர்மபுரியில் நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் மெமரி கார்டில் இறக்கிவிடுங்கள். வீடியோ இறங்க மறுத்தால் பேராசிரியர் பேசியதெல்லாம் பிடிஎஃப் ஆகவும் கிடைக்கும். பல பாடங்களுக்குத் தமிழிலேயே உண்டு. நான் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தனி நோட்டில் எழுதி வைத்தேன். பாதிப் பாடம் முடிந்த பிறகுதான் கோர்ஸில் பெயர் கொடுத்தேன்.

அசைன்மென்டுக்கு நெட் சில நிமிடம் இருந்தால் போதும். பஸ் ஸ்டாண்டில் கேள்விகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் பேப்பரில் போட்டு, மறுநாள் விடையைக் குறித்து சப்மிட் கொடுங்கள். கெடு முடியும்வரை மாற்றி மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. 12 வாரக் கோர்ஸில் நல்ல மதிப்பெண் வந்த 8 அசைன்மென்ட்டை மட்டுமே எடுப்பார்கள், ஆகவே ஒன்றிரண்டு போனாலும் பதற வேண்டாம். சான்றிதழ் கிடைக்க அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

சேர்வதற்குப் பணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் கட்ட வேண்டும். நான் கட்டியது ரூ.1000. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை இருக்கிறது; சித்தேரி மலையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கிரெடிட்டுக்காக, அதாவது கல்லூரி டிகிரிக் கணக்கில் சேர்ப்பதற்காக எழுதுவதாக இருந்தால், பணம் கட்டுமுன் துறைத் தலைவரிடம் பேசிவிடுங்கள். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் விதி கொண்டுவந்தது, என்றாலும் எந்தக் கோர்ஸை ஏற்பது என்பது கல்லூரி கையில்.

தேர்வு நேரில்தான், மூன்று மணி நேரம். எனக்குத் தேர்வு மையம் சேலத்தில் விழுந்தது. போகிற வழியில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மடங்கி நின்றால் பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலைத் தேர்வென்றால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. மதியம் என்றால் முதல் பஸ் போதும். ஹால் டிக்கெட்டைப் போனில் காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், போன் உள்ளே போகாது. பிரிண்டும் அசல் ஆதாரும் கையில் இருக்கட்டும்.