காந்தம் ஒட்டும் 304

ஜூன் 10
பட்டறையிலிருந்து சோர்வுச் சோதனைக்கு, அதாவது மாறி மாறி இழுத்து அழுத்தி உடையும்வரை பார்க்க, 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு மாதிரிகள் வந்தன. மூலக் கம்பியில் காந்தம் ஒட்டவில்லை. கடைந்த பரப்பில் லேசாகப் பிடிக்கிறது. வெட்டுளியின் அழுத்தத்திலேயே மேல்தோலில், காந்தம் ஒட்டாத ஆஸ்டெனைட் படிக அமைப்பு, காந்தம் ஒட்டும் கடினமான மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கிவிட்டது. மின்வேதி முறையில் மெருகிட்டு அந்தத் தோலைக் களைந்த பிறகுதான் சோதனை.

ஜூன் 13
அறை வெப்பநிலை, ஒவ்வொரு சுற்றிலும் திரிபு (நீளம் மாறும் விகிதம்) ±0.8 சதவீதம். தகைவு (ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை) முதலில் சற்று ஏறி அடங்கியது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கி, நிற்கவே இல்லை. மாதிரியைக் கழற்றாமலே ஃபெரைட் அளவியை (எஃகில் காந்தம் ஒட்டும் பகுதியின் அளவைக் காட்டும் கருவி) நடுப்பகுதியில் வைத்துப் பார்த்தேன். அங்கும் எண் கூடிக்கொண்டே போகிறது. கருவி ஃபெரைட் என்ற வேறொரு காந்தப் படிக அமைப்புக்காகச் செய்யப்பட்டது என்பதால், மார்ட்டென்சைட் அளவைப் பெற, காட்டும் எண்ணை ஏறத்தாழ 1.7-ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வரைபடம் போடுகிறவர்கள் மீது எனக்குத் தீராத எரிச்சல்.

ஜூன் 14
எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உடைந்தது.

ஜூன் 18
அதே திரிபு, 150 டிகிரி செல்சியஸ். இரண்டாவது ஏற்றம் இல்லை, காந்தமும் ஒட்டவில்லை, ஆயுளும் கூடுதல். சூட்டில் ஆஸ்டெனைட் நிலைபெற்றுவிடுகிறது. உருமாற்றத்துக்கு உந்துதல் போதவில்லை. 30 சதவீதத் திரிபில் பாதி ஆஸ்டெனைட் மாறும் வெப்பநிலையைத்தான் எம்டி30 என்கிறோம். நிக்கல், கார்பன், நைட்ரஜன் எது கூடினாலும் அது இறங்கும். 304-க்கான தர வரையறை நிக்கலை 8 முதல் 10.5 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஒரே முத்திரை பெற்ற இரண்டு கம்பிகள் சோர்வில் வெவ்வேறாக நடந்துகொள்ள இதுவே போதும். வேதிச் சேர்க்கையைச் சொல்லும் உருக்குச் சான்றிதழைப் படிக்காமல் சோதனை முடிவுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

ஜூன் 24
இன்று தகைவைக் கட்டுப்படுத்தி, நீண்ட ஆயுள் சோதனை. இங்கே கதையே வேறு, உருமாற்றம் ஆயுளுக்கு உதவுகிறது. மார்ட்டென்சைட் வலுவைக் கூட்டுவதால் ஒவ்வொரு சுற்றிலும் நெகிழ் திரிபு (மீளாத திரிபு) குறைகிறது. விரிசல் முனையில் உருமாறும் பகுதி கன அளவில் ஏறக்குறைய 2 சதவீதம் விரிந்து, விரிசலின் இரு முகங்களையும் நெருக்குகிறது. அதிர்வெண்ணை உயர்த்தினால் மாதிரி சூடாகி உருமாற்றமே அடங்கிவிடும். அதனால் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

“மார்ட்டென்சைட் நல்லதா, கெட்டதா? ஒரு வரியில் சொல்லுங்கள்” என்றார் பேராசிரியர். “தகைவையா, திரிபையா, எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்று முதலில் சொல்லுங்கள், சார்” என்றேன். ஒரே திரிபைத் திணித்தால், கடினமான உலோகம் கூடுதல் தகைவைச் சுமந்தே தீர வேண்டும். 14-ஆம் தேதி உடைந்ததும் அப்படித்தான்.

ஜூன் 27
அடுத்து 316எல், இன்னொரு ரகத் துருப்பிடிக்காத எஃகு. நிக்கல் அதிகம், மாலிப்டினமும் உண்டு. அறை வெப்பநிலையில் இவ்வளவு மாறாது. இந்த முறை உருக்குச் சான்றிதழைக் கம்பியோடு சேர்த்தே கேட்டிருக்கிறேன்.