பாலத்தில் நிற்கிறார்

எங்கள் ஊரான மட்டக்களப்பில் வயரிங் வேலை பார்க்கும் ஒருவருக்கு அழைப்பு எடுத்தால், அவர் உண்மையில் எங்கே இருந்தாலும், அந்த நேரத்தில் கல்லடிப் பாலத்தில்தான் நிற்பார். நான் இருப்பது நாவற்குடாவில். எனக்கு வாய்த்தவர் தாண்டவன்வெளிப் பக்கத்தவர். ஆகவே இடையில் ஒரு பாலம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2013 இல் திறக்கப்பட்ட அந்தப் புதிய பாலம் 300 மீற்றர்கூட நீளம் வராது. அதில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளும் கையுமாக மூன்று நாட்கள் நிற்கிறார் என்றால், ஒன்றில் அவர் பக்கத்திலிருக்கும் 1924 ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்கு இறங்கித் தூண்டில் போட்டிருக்க வேண்டும், அல்லது தோணி பிடித்துத் துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். மாரி மழை கொட்டும் கார்த்திகை மாதம் மீன் பாட்டுக்கான பருவமும் அல்ல.

“அந்தா வாறன் சேர், பாலத்தில நிக்கிறன்.”

இந்த வாக்கியத்தை நான் முதல் தடவை கேட்ட மாலையில் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. ஆறு மணிக்கு மாமி தொலைக்காட்சித் தொடருக்காக ரிமோட்டை அழுத்திய அதே கணத்தில், கூடத்துச் சுவரில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; வீடு இருண்டது. நான் முதலில் மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்குத்தான் எடுத்தேன். மறுமுனையில் பேசிய பிள்ளை, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். இருந்தது. மீற்றர் வரைக்கும்தான் சபையின் பொறுப்பு, அதற்கு இப்பாலுள்ள பாவங்களுக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே உணர்த்திவிட்டார்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ட்ரிப் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது ஒரு கறாரான கடைக் கணக்கப்பிள்ளை: வீட்டுக்குள் போன மின்னோட்டமும் வீட்டிலிருந்து திரும்பி வரும் மின்னோட்டமும் சமனாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கோ ஈரச் சுவராலோ, அதைவிட மோசமாக யாருடைய உடம்பாலோ, 30 மில்லியம்பியர் அளவு நிலத்துக்குக் கசிந்தாலும், கண் இமைப்பதற்குள் கடையைப் பூட்டிவிடும். இதையெல்லாம் இருட்டுக்குள் நின்று மனைவிக்கு விளக்கினேன். அவர் மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தார்.

பாலத்தில் நின்றவர் தொலைபேசியிலேயே வைத்தியம் சொன்னார். எல்லா பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் வியாதி. நான் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே செய்தேன். குசினி நின்றது, அறைகள் நின்றன, கூடத்து பிளக் பொயின்ட்டுகளுக்கான மூன்றாவது பிரேக்கரை ஏற்றியதும் ‘டக்’. அந்த லைனில் இருந்தது தொலைக்காட்சி ஒன்றுதான். ஆறு மணி, ரிமோட், மூன்றாவது பிரேக்கர் என்று மூன்று சாட்சிகளும் ஒருமுகமாக நின்றதால், மாமியின் தொலைக்காட்சி அன்றிரவே குற்றவாளி ஆனது. விடிந்த பிறகு மூன்றாவது பிரேக்கரை ஏற்றிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. மாலை ஆறு மணிக்குத் திரும்பவும் விழுந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் குடையோடு வந்து, அந்த ட்ரிப் சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வயரை நேரே கொடுத்தால் இனி விழாது என்று ஆலோசனை சொன்னார். ஊரில் பல வீடுகளில் இந்த வைத்தியம் நடந்திருப்பதாகவும் தெம்பூட்டினார். சுவிட்ச் விழாதுதான் அண்ணே, பிறகு ஈரக்காலோடு நிற்கும் நான்தான் விழுவேன் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பாலத்துக்கு எடுத்தேன். இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான் ஒரு பரிசோதனை செய்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னர், மாமி முகம் கழுவப் போன நேரம் பார்த்து, தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் தனியே நின்றேன். வெளியே மழை மூட்டத்தோடு வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே, கேற்றுக்குப் பக்கத்து மதில் தூணில் இருந்த விளக்கு ஒரு கணம் கண்ணைத் திறந்தது. ‘டக்.’ விளக்கு கண்ணை மூடியது. என் கையில் பிளக் இருந்தது.

அந்த விளக்கைப் பற்றி இப்போது சொல்லாவிட்டால் கதை நகராது. வெளிச்சம் மங்கினால் தானாகவே எரியும் சென்சர் விளக்கு அது. தீபாவளிக்கு முதல் வாரம் வாங்கியது. அதைப் பூட்டுவதற்கு ஆள் பிடிக்கும்படி மனைவி 1,500 ரூபாய் தந்துவிட்டு, மாமியைக் கூட்டிக்கொண்டு ஆரையம்பதியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்று வயர்களைப் பொருத்துவதற்கு ஆள் எதற்கு என்று, முப்பது வருடம் ஓமின் விதி படிப்பித்தவனுக்குத் தோன்றியதில் தவறில்லை. ஜன்னல் ஓட்டையால் ஒரு வயரை இழுத்து, தொலைக்காட்சி வைத்திருக்கும் தட்டுக்குப் பின்னால் உள்ள பொயின்ட்டில் மாட்டி, இணைப்புகளுக்குக் கறுப்பு டேப் சுற்றி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தேன். விளக்கோடு வந்த ஒரு ரப்பர் வளையம் மாத்திரம் மிஞ்சியது. கம்பனிக்காரர் மேலதிகமாக ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதைக் கதிரைக் காலுக்குப் போட்டுவிட்டேன். பிறகு அந்த 1,500 ரூபாயோடு காத்தான்குடிக்குப் போய் ஒரு கொத்துரொட்டியும், சீனி வருத்தக்காரன் கனவிலும் தொடக்கூடாத வட்டிலப்பம் இரண்டும் சாப்பிட்டேன். இரண்டாவது வட்டிலப்பத்துக்கு ஒரு நியாயமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே நான் கண்டதைச் சொல்வதென்றால் விளக்கைச் சொல்ல வேண்டும், விளக்கைச் சொன்னால் பூட்டிய ஆளைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொன்னால் காத்தான்குடி வரை போக வேண்டியிருக்கும். பிளக்கைச் சத்தமில்லாமல் திரும்பக் குத்திவிட்டு, “டிவிதான்” என்றேன். வயரை இரகசியமாகக் கழற்றிவிடலாம் என்றால், அது மாமியின் கதிரைக்கு நேர் எதிரே இருந்தது.

நான்காம் நாள் வானம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்கே கடற்பக்கமிருந்து கருமேகம் ஏறி ஊரே இருண்டது, மாமி நித்திரையில் இருந்தார், தொலைக்காட்சியை எவரும் தொடவில்லை, ‘டக்’. சத்தத்துக்கு எழும்பிய மாமி கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: “அது என்னெண்டு மருமகன், படுத்துக் கிடக்கிற என்னால கரண்ட் போற?” தொலைக்காட்சிக்குள் ஈரக்காற்றுப் புகுந்திருக்கும், அது அணைந்திருந்தாலும் கசியும் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். இதே விளக்கத்தைப் பரீட்சைத் தாளில் ஒரு மாணவன் எழுதியிருந்தால் அவனுடைய தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன். மாமி சற்று யோசித்துவிட்டு, 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியைத் தான் கண்ணால் கண்டவர் என்றும், அன்றைக்கு இருண்டதற்குக்கூட ஒரு காரணம் இருந்தது என்றும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தொடர் பார்க்கப் போனார். அந்தக் குடை கேற்றைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனச்சாட்சி என்பது அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, பாலம் ஒருவழியாகத் தன் ஆளை விடுவித்தது. மழைக்கோட்டும் ஹெல்மட்டுமாக வந்திறங்கியவர், தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வேலையென்று வந்த பிறகு அவர் வேறு மனிதர். மனைவி சொன்னதை முழுவதும் கேட்டார்; எத்தனை மணிக்கு விழுகிறது, மழை நாளில் எப்படி, வெயில் நாளில் எப்படி என்று விசாரித்தார்; தொலைக்காட்சியைத் தொடவேயில்லை. அதன் பின்னால் குனிந்து பார்த்து, அங்கே இருக்கக்கூடாத ஒரு வயரை இரண்டு விரலால் தூக்கி, பாம்பு போன தடத்தைப் பார்ப்பவர்போல அதன் வழியே ஜன்னலுக்குப் போய், முற்றத்துக்கு இறங்கி, மதிலோரமாக நடந்து, தூணில் முடித்தார். நான் பின்னால் போனேன். என் வயிற்றுக்குள் அந்த வட்டிலப்பம் மறுபடியும் அசைவதுபோல இருந்தது.

நல்ல வெளிச்சமான நேரம் என்பதால் விளக்கு எரியவில்லை. அவர் தன் ஹெல்மட்டைக் கழற்றி விளக்கின் சென்சர் மேல் கவிழ்த்தார். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வீட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது: “விழுந்துட்டு!” ஹெல்மட்டை எடுத்து, மாமியைக் கொண்டே சுவிட்சை ஏற்றுவித்து, திரும்பவும் கவிழ்த்தார். “விழுந்துட்டு!” மூன்றாவது தடவை மாமியின் குரலில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. நான்கு நாட்களாகத் தன்மேல் கிடந்த பழி ஹெல்மட்டுக்குள் போவதை அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிவிட்டு விளக்கைத் திறந்தபோது, அடித்தட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பல்ப் ஹோல்டர் அதற்குள் பாதி மூழ்கியிருக்க, நுளம்புக் குடம்பிகள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வழியால் வந்திருந்தால், என் மேல் மின்சாரக் குற்றத்தோடு டெங்குக் குற்றமும் சேர்ந்திருக்கும். வயரை மேல் பக்கத்தால் விட்டதனால் மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. கீழால் விட்டு, உள்ளே நுழைய முன்னர் ஒரு வளைவு தொங்கவிட்டிருந்தால், அந்த வளைவிலேயே சொட்டிப் போயிருக்கும். மூடிக்கு இடையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணவில்லை என்றார். நான் கதிரைக் காலை நினைத்தேன்.

“இதப் பூட்டின ஆள் ஆர் சேர்?”

“யாரோ ஒருவரைப் பிடித்துத்தான் செய்தது, தம்பி.”

“எவ்வளவு குடுத்தீங்க?”

“ஆயிரத்தைந்நூறு,” என்றார் மனைவி. எனக்குப் பின்னால் அவர் தேத்தண்ணியோடு வந்து நின்றது தெரியவில்லை.

வயரிங்காரருக்கு வந்த கோபத்தை நான் அங்கே நின்று முழுவதுமாகக் கேட்க வேண்டியிருந்தது. வயரைப் பிடிக்கத் தெரியாதவன்கள் எல்லாம் வேலைக்கு இறங்கித் தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்றும், ட்ரிப் சுவிட்ச் மட்டும் இல்லாதிருந்தால் கேற்றைத் திறக்க வந்த யாராவது அந்த ஈர மதிலில் கை வைத்துச் செத்திருப்பார்கள் என்றும், அப்படிப்பட்டவனுக்குக் காசு கொடுத்ததே பாவம் என்றும் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு புதிதாக நீர் புகாத விளக்கொன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்து, குழாய்க்குள்ளால் வயரைக் கீழ்ப்பக்கமாக ஏற்றி, தனி சுவிட்ச் வைத்து, அரை நாளில் முடித்தார். கூலியாக 3,000 ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. வாங்கி எண்ணிப் பையில் வைத்தவர், போகாமல் நின்றார்.

“அந்த ஆளிட நம்பரைத் தாங்க சேர், நான் கதைக்கிறன். உங்கட காசை நான் வாங்கித் தாறன்.”

மனைவி என்னைப் பார்த்தார். மாமியும் ஜன்னலுக்கு வந்துவிட்டார். நான் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடி வரை நடந்து, அதைக் காதில் வைத்து, எவரும் இல்லாத மறுமுனைக்கு “ஓம், ஓம், சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

“கல்லடிப் பாலத்தில நிற்கிறாராம், தம்பி. அந்தா வாறாராம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற என் மனைவியின் முகத்தையும் பார்த்தார். பிறகு கோப்பையில் மிஞ்சியிருந்ததை ஒரே மிடறில் குடித்துவிட்டு, அந்த ஆளைப் பற்றி மேலும் ஒரு சொல்லும் சொல்லாமல், ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மனைவி உள்ளே போய் இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி போட்ட தேத்தண்ணி. அதை மதில் தூணின் மேல் வைத்து, இலையான் விழாமல் ஒரு பீங்கானால் மூடினார்.

“இது ஆருக்கு?” என்று கேட்டேன்.

“அந்தா வாறவருக்கு,” என்றார்.

ஆறு மணிக்கு மாமியின் தொடர் தொடங்கியபோது புதிய விளக்கு தானாக எரிந்தது. கோப்பை அதன் வெளிச்சத்தில் அப்படியே இருந்தது.