எண்கோணக் கோபுரம் ஒருவழியாக நேராக நின்றது

காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்யும் கலங்கரை விளக்க மாதிரியின் கோபுரம் ஒட்டி முடிந்துவிட்டது. எட்டு முகமும் வந்து சேரும் கடைசி இணைப்பில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் எங்கும் இடறவில்லை. விளக்கறை இன்னும் பிரிண்ட் எடுத்த தாளிலேயே கிடக்கிறது, வெட்டக்கூட இல்லை. இருந்தாலும் கோபுரத்துக்காக இப்போதே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன்.

எனக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுது. நேராகப் பார்த்தால் பார்க்கும் பொருளே காணாமல் போகும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தட்டுப்படும். ஓரப் பார்வையில் நுணுக்கம் கிடையாது. அதனால் எதையும் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். "லென்ஸ் வாங்கிக்கோயேன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். லென்ஸின் சங்கடம் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து மடங்கு பெரிதாக்க 20 டையாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) லென்ஸ் வேண்டும், அதன் குவியத் தொலைவு 5 செ.மீ. தாளுக்கும் லென்ஸுக்கும் நடுவே அந்த 5 செ.மீ. இடைவெளிக்குள் கத்தி, ஸ்கேல், என் கை மூன்றும் நுழைய வேண்டும், நடக்கிற காரியமா? தலையில் மாட்டும் லென்ஸ் இரண்டரை மடங்குதான், ஆனால் கைக்கு இருபது செ.மீ. வரை இடம் விடுகிறது. என்னிடம் இருப்பது அதுதான். போன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி டிவியில் பார்ப்பது பாக எண் (எந்தத் துண்டு எது என்று தாளில் போட்டிருக்கும் எண்) படிக்க அருமையாக உதவுகிறது. கத்தி பிடிக்கும்போது அது ஆகாது. கை நகர்ந்து ஒரு நொடித் துணுக்கு கழித்துத்தான் திரையில் நகர்கிறது.

மாதிரியைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது என்பேன். உருளைக் கோபுரம் வேண்டாம், எண்கோணம்தான் என்று முடிவு செய்தேன். எண்கோணத்தில் எல்லாமே நேர்கோடு, வளைவு வெட்டும் தொல்லை இல்லை. கோப்பு, கோடுகளைத் தனித்தனியே மாற்ற வரும் வெக்டர் பிடிஎஃப் ஆக இருந்ததும் அதிர்ஷ்டம். இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, ஒரே நிறக் கோடுகளை மொத்தமாகத் தேர்ந்து, வெட்டும் கோட்டை 0.6 மி.மீ. தடிமனுக்கும் மடிப்புக் கோட்டை அடர் நீலத்துக்கும் மாற்றிவிட்டேன். ஸ்கேன் செய்த படமாக வரும் கோப்பில் இந்த வசதி கிடையாது, பெரிதாக்கினால் கோட்டின் விளிம்பு பஞ்சாகிவிடும். வடிவமைப்பாளர்களிடம் ஒரு புகாரும் உண்டு. வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் நிறத்தில் பாக எண் போடுவதை எப்போதுதான் நிறுத்துவீர்கள்? நல்ல கண் உள்ளவர்களுக்கே அது தெரியுமா என்று சந்தேகம்.

அளவை இரட்டிப்பாக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் ஒரு ஏ4 நான்கு ஏ4 ஆகும், கோபுரச் சுவரின் குறுக்கே ஒட்டு விழும். 141 சதவீதம் என்றால் ஏ4 அப்படியே ஒரே ஏ3 தாளில் அடங்குகிறது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டையில் எடுத்தேன். பெரிதாக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1 மி.மீ. அட்டைக்கு என்று வரைந்த சொருகு பிளவும் கூடவே 1.4 மி.மீ. ஆகிவிடும். உள்ளே வைக்கும் சட்டங்களுக்கும் அதற்கேற்ற தடிமனில் அட்டை தேட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அட்டை நேராக மடிய, மடிப்பதற்கு முன் மடிப்புக் கோட்டைக் கருவியால் அழுத்தும் வேலைதான் என்னை அலைக்கழித்தது. கோட்டின் மேல் ஸ்கேலை வைத்த கணமே ஸ்கேல் கோட்டை மறைத்துவிடுகிறது. இந்த முனையைச் சரிபார்த்து அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை நழுவிவிடும். இரண்டு முனையையும் ஒரே பார்வையில் பிடிக்க என் கண்ணால் முடியாது. எட்டு மடிப்பில் ஒவ்வொன்றும் அரை மி.மீ. ஒரே பக்கம் தப்பினால் கடைசி முகம் 4 மி.மீ. விலகி நிற்கும், கோபுரம் முறுக்கிக்கொள்ளும்.

குண்டூசிதான் வழி காட்டியது. தக்கைப் பலகை, அதன் மேல் தடித்த அட்டை, அதன் மேல் மாதிரித் தாள். மடிப்புக் கோட்டின் ஒரு முனையில் மட்டும் கண்ணை வைத்து, லென்ஸில் பார்த்து, ஓர் ஊசியைச் செங்குத்தாக இறக்குகிறேன். ஆற அமர மறுமுனைக்குப் போய் அங்கே இன்னொன்று. அதன் பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. இரும்பு ஸ்கேலைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு ஊசியிலும் முட்டவிட்டால் அதுதான் கோடு. உருண்டை முனைக் கருவியை ஸ்கேல் ஓரமாக இழுத்தால், அடுத்த ஊசியில் 'டிக்' என்று இடித்து நின்றுவிடுகிறது. கோடு தாண்டி ஒட்டு நாக்குக்குள் (பசை தடவ விட்ட ஓரப் பட்டை) ஓடிப்போகும் பேச்சே இல்லை. கத்தி வேலைக்கு விரிக்கும் வெறும் வெட்டுப்பாயில் இதைச் செய்யக்கூடாது. அதில் ஊசி ஆழமாக இறங்காது, ஸ்கேல் தொட்டதும் சாய்ந்துவிடும்.

ஊசிக்கும் தடிமன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் ஊசி 0.6 மி.மீ., அதனால் ஸ்கேல் ஓரம் உண்மையான கோட்டிலிருந்து 0.3 மி.மீ. தள்ளி நிற்கும். கருவியின் குண்டு 1 மி.மீ., அதன் மையம் ஸ்கேலிலிருந்து 0.5 மி.மீ. கழித்துப் பார்த்தால் 0.2 மி.மீ. பிழைதான். ஸ்கேலை எல்லாக் கோட்டுக்கும் ஒரே பக்கம் வைத்தால் அந்த 0.2-உம் எல்லா முகத்துக்கும் பொதுவாகிப்போகிறது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஊரெல்லாம் சிபாரிசு செய்கிறார்கள். இந்த முறைக்கு அது சரிப்படாது. குண்டைச் சுற்றியிருக்கும் கூம்பு ஸ்கேலில் உரசி, குண்டைக் கோட்டிலிருந்து தள்ளிவிடுகிறது. கத்திக்குக் கணக்கே வேறு. அலகு ஸ்கேலை ஒட்டியே போகும், ஆகவே ஸ்கேலைப் பாகத்துக்கு வெளிப்பக்கம் வைத்தால் பாகம் 0.3 மி.மீ. பெருக்கும், உள்பக்கம் வைத்தால் அதே அளவு சிறுக்கும். நான் எப்போதும் வெளிப்பக்கம். பெருத்ததை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம், சிறுத்ததை என்ன செய்வது?

இந்த முறையில் ஒரு உபரி லாபமும் கிடைத்தது. முன்பக்கம் பள்ளமாக விழும் மடிப்பைப் பின்பக்கத்திலிருந்துதான் அழுத்த வேண்டும், பின்பக்கமோ வெறும் வெள்ளை. ஊசியை முன்பக்கத்திலிருந்து இறக்கி எடுத்தால் பின்பக்கம் பிரெயில் புள்ளி போல ஒரு சின்ன மேடு எழுகிறது. தாளைத் திருப்பி, மேட்டை விரலால் தடவி, அதே ஓட்டையில் ஊசியைத் திரும்ப இறக்கினால் போதும். லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டே செய்கிறேன்.

விளக்கை இடப்பக்கம் மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தால் அழுத்திய கோடு நிழலாய்த் தெரிகிறது. நேர் மேலே இருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளைத் தாளின் கண்கூச்சம்தான் மிச்சம். கூச்சத்துக்கு ஒரு கறுப்பு அட்டையில் சன்னல் வெட்டி, வேலை நடக்கும் இடம் மட்டும் தெரியும்படி தாளின் மேல் போட்டுவிடுகிறேன். கத்திக்கு ஒரே இடம்தான், முனை தக்கையில் குத்தி நிற்கும். மேசையைக் கையால் துழாவித் தேடும் பழக்கம் உள்ளவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது.

பசை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளைப் பசை வெள்ளை நாக்கில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை, ஒரு சொட்டு நீல மை கலந்துகொள்கிறேன். பிதுங்கினால் சுவரில் கறை, ஆகவே மெல்லிசாகத் தடவும் ஒழுக்கம் தானாக வந்துவிட்டது. காய்ந்தால் நிறம் மறையும் பசைக்குச்சியும் வாங்கிப் பார்த்தேன். சாதாரணத் தாளுக்குச் சரி, 200 ஜிஎஸ்எம் அட்டை மடிப்பு விறைத்துக்கொண்டு பிய்ந்து வருகிறது.

அடுத்து விமானம் செய்ய ஆசை. போலந்தில் 1957-இல் தொடங்கிய 'மாவே மொடெலாஷ்' என்ற காகித மாதிரி இதழ்க்காரர்கள் பழக்கிவிட்ட 1:33 அளவு அந்த உலகில் ரொம்பப் பிரபலம். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 1:33-இல் 34 செ.மீ. வரும். என் கண்ணுக்காக இரட்டித்தால் 68 செ.மீ., அலமாரியில் இடமில்லை. போதாக்குறைக்கு விமானத்தின் உடல் முழுக்க வளைவு, ஊசி வித்தை அங்கே செல்லாது. வெட்டும் இயந்திரம் வாங்கலாமே என்று ஒரு நண்பர் நச்சரிக்கிறார். வளைவுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். நேர்கோட்டை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போதைக்கு விளக்கறை. கோபுரம் 141 சதவீதம் என்பதால் அதுவும் அதே அளவுதான், சன்னல் சட்டம் ஒவ்வொன்றும் ஒன்றரை மி.மீ. அகலம். உள்ளே நான்கு மூலைக்கு நான்கு ஊசி வைத்தால் ஸ்கேலுக்கு இடமே இல்லை. அதனால் சன்னலை வெட்டப் போவதில்லை. சுவர் முழுவதையும் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) செய்து, சட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. கறுப்புப் பட்டைகளை மேலே ஒட்டலாம் என்று எண்ணம். ஓஎச்பி ஷீட்டில் வெள்ளைப் பசை பிடிக்காது, வேறு பசை பார்க்க வேண்டும். மாடத்தின் கைப்பிடிக்குக் காகிதமே வேண்டாம், கறுப்பு நூலைப் பசையில் தோய்த்து விறைக்க வைத்தாயிற்று. அது நன்றாகவே வந்திருக்கிறது.