கவரில் வந்த சம்பளமும் இ.எஸ்.ஐ. வாங்கிய கதையும்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் என் வீட்டுக்காரர் மிஷின் ஆபரேட்டர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். மாதம் 16,000 ரூபாயைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, பிடித்தமும் கிடையாது. முழுப் பணமும் கைக்கு வருகிறதே என்று அங்கே பலருக்குத் திருப்திதான். 2022-ல் மோல்டிங் மிஷினில் மாட்டி அவருடைய ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிற்று. அப்போதுதான் தெரிந்தது, கம்பெனிக் கணக்கில் அவர் பெயரே இல்லை என்று.

ஜிப்மர் அவசரப் பிரிவு வாசலில் சூப்பர்வைசர் என்னிடம், "வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க அக்கா, செலவை முதலாளி பாத்துப்பார்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த இடம், எந்த மிஷின், எத்தனை மணி என்று நடந்ததை நடந்தபடியே டாக்டரிடம் சொன்னேன். விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறியது. பிறகு நாங்கள் கொடுத்த எல்லாக் காகிதத்துக்கும் அடிப்படையாக நின்றது அந்தப் பதிவின் நகல்தான்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தொழிற்சங்கப் பெரியவர்தான் வழி காட்டினார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் எல்லாரும் அதில் வருவார்கள். வேலையிடத்து விபத்து என்றால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம், அதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது என்று அவர் அழுத்திச் சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் மனு கொடுத்தோம்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் வேலை செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஷிப்ட் மாற்றிச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் போனில் இருந்தன. கூட வேலை பார்த்த இரண்டு பேர், தங்கள் வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான், எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை மறக்க மாட்டேன். அதிகாரி நேரில் ஆய்வுக்குப் போனபோது உற்பத்திக் கணக்கு எழுதும் நோட்டு கிடைத்தது. எந்த மிஷினில் யார், எத்தனை பீஸ் என்று நாள்வாரியாக எழுதியிருந்தார்கள். சம்பளப் பதிவேட்டில் இல்லாத பெயர் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

அப்புறம் சம்பளம் எவ்வளவு என்ற தகராறு. முதலாளி தரப்பில் 9,000 என்றார்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆயுள் முழுக்க மாதாமாதம் வருவது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சட்ட அட்டவணைப்படி 11 சதவீத இழப்பு. சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து அதில் 11 சதவீதம் என்று கணக்கிட்டால், 16,000-க்குச் சுமார் 1,580 ரூபாய் வரும். 9,000-க்கு 900 கூட வராது. கவரில் வந்ததை மாதாமாதம் என் மளிகை நோட்டில் வரவு எழுதி வைத்திருந்தேன். அதில் பெரும்பகுதியை அதே வாரத்தில் பேங்க்கில் கட்டியதற்குப் பாஸ்புக்கும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 16,000-ஐயே ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவக் குழு பார்த்து முடித்துப் பணம் வரத் தொடங்கப் பல மாதம் ஆனது.

முதலாளிக்கு இதில் என்ன மிச்சம் என்று இன்னமும் யோசிக்கிறேன். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 3.25 சதவீதம், மாதம் 520 ரூபாய். எங்கள் பங்கு 120. அதைக் கட்டியிருந்தால் விபத்தின் பொறுப்பை இ.எஸ்.ஐ. ஏற்றிருக்கும். கட்டாததால் பழைய பாக்கி, அதற்கு 12 சதவீத வட்டி, அபராதம் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. இ.எஸ்.ஐ. எங்களுக்குக் கொடுத்த தொகைக்காகவும் சட்டப்படி அவரிடம் வசூலிக்க முடியும். எங்கள் பங்குப் பாக்கியைக்கூட இனிமேல் எங்களிடம் பிடிக்க முடியாது. கணக்கில் காட்டாத சம்பளத்தை வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் வழியில்லை. சின்னக் கம்பெனி, அவரும் கடனில்தான் நடத்துகிறார். யாராவது ஒரு நல்ல ஆடிட்டர் இதை முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி விஷயம் இன்னும் முடியவில்லை. அதற்கு 20 பேர் இருக்க வேண்டும், பதிவேட்டில் அதைவிடக் குறைவாகக் காட்டியிருக்கிறார்கள். ஒப்பந்த ஆட்களும் அந்தக் கணக்கில் சேருவார்கள் என்பதால் உற்பத்தி நோட்டின் நகலைக் கேட்டு மனு போட்டிருக்கிறோம்.