சோஷியல் கிளப்ல ஒரு குஸ்தி ஷோ

டிவில ரெஸ்லிங் பாத்தவங்களுக்கு எல்லாம் தெரியும், ஒண்ணத் தவிர. சத்தம். கமென்ட்ரி கேட்டிருப்பீங்க, என்ட்ரி மியூசிக் கேட்டிருப்பீங்க, ஆனா நூறு கிலோ ஆளு பத்தடி தூரத்துல மல்லாக்க பலகைல விழுந்தா என்ன சத்தம் வரும்னு தெரிஞ்சிருக்காது. நம்ம உக்காந்திருக்க பிளாஸ்டிக் சேருக்குள்ள வந்து அதிருது. அக்கா பையன் மொத தடவ அந்தச் சத்தம் கேட்டதும் என் கைய கெட்டியா புடிச்சிட்டான், அடுத்த நிமிஷம் கைய விட்டுட்டு எந்திரிச்சு நின்னு கத்த ஆரம்பிச்சிட்டான், அப்புறம் கடைசி வரைக்கும் உக்காரவே இல்ல.

போன சனிக்கிழம லண்டன்ல வால்தம்ஸ்டோ பக்கம் ஒரு சோஷியல் கிளப்ல நடந்த ஷோ இது. கம்பெனி பேரு சொல்ல வேணாம், சின்ன கம்பெனி, மாசம் ஒரு ஷோ போடுறாங்க. பெரியவங்களுக்கு 15 பவுண்டு, பசங்களுக்கு 8. ஈஸ்ட்ஹாம்ல இருந்து எங்களுக்கு இது ரொம்ப வசதி, வுட்கிரேஞ்ச் பார்க்ல சஃப்ரஜெட் லைன் ரயில் ஏறுனா நேரா வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோடுதான். அக்காவுக்கும் அத்தானுக்கும் அன்னைக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன், பையன் அதுக்கு வர மாட்டேன்னு அழுதான், "நீயே கூட்டிட்டுப் போடி, எங்கயாச்சும்"னு அக்கா சொல்லிட்டா. எங்கயாச்சும்னா இங்க இருக்கும்னு அவ எதிர்பாத்திருக்க மாட்டா.

உள்ள போனா பின்னாடி ஒரு மது பார், பியர் ஊறுன கார்பெட்டு, செவுத்துல பிங்கோ போர்டு, நடுவுல ரிங்கு. டிவில வர்ற அமெரிக்கக் கம்பெனி டபிள்யூடபிள்யூஈல இருபதடி ரிங்கு, இங்க பதினாறு அடி இருந்தா அதிகம். சீலிங் வேற ரொம்ப தாழ்வு, எவனாச்சும் மூல கம்பத்து மேல ஏறுனா மண்ட ட்யூப்லைட்ல இடிக்குமோன்னு பயந்துட்டே பாக்கணும். வாசல்ல டிக்கெட் ஸ்கேன் பண்ணி கைல ஸ்டாம்ப் குத்துன பையன் மூணாவது மேட்ச்ல மினுமினு டைட்ஸ் போட்டுகிட்டு ஓடி வர்றான். டிஷர்ட் வித்த அம்மா ஒரு மேட்ச்ல மேனேஜர். பார்க்கிங்ல வண்டிய நகத்தச் சொன்ன ஆளு ரெஃப்ரீ. எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சு.

எங்க தலமுறைக்கு ரெஸ்லிங்னா ட்ரம்ப் கார்டு, ரெஸ்லர் படம் போட்ட வெளையாட்டுச் சீட்டு. ஹைட்டு, வெயிட்டு, செஸ்ட்டு, பைசெப்ஸ், ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வொன். மேட்ச்ச பாக்காமலேயே எவனுக்கு எத்தன இஞ்ச் பைசெப்ஸ்னு மனப்பாடமா தெரியும். அண்டர்டேக்கருக்கு ஏழு உசுரு, அதுல ஏற்கனவே நாலு போயிருச்சுன்னு தெருவுல ஒருத்தன் சத்தியம் பண்ணுவான். தாத்தா இதெல்லாம் கேட்டுட்டு, "இவனுங்கல்லாம் தாராசிங் முன்னாடி நிப்பானுங்களா, கிங்காங்னு ஒரு பெரிய பயில்வானையே தூக்குனவன்யா அவன்"னு ஆரம்பிப்பாரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த கார்டுன்னு அண்ணன் புடுங்கி வெச்சுக்குவான், நான் அம்மாகிட்ட சொல்லி வாங்குவேன். அது ஒரு காலம்.

எங்க பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளக்கார பாட்டி, எழுவது வயசுக்கு மேல இருக்கும், மடில ஃப்ளாஸ்க்கு. நாங்க புதுசுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க போல, சீட்டுல இருந்த கோட்ட எடுத்து பையனுக்கு எடம் விட்டுட்டு கத சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. இங்கிலாந்துல ரெஸ்லிங்குக்குன்னு ஒரு பொற்காலம் இருந்திருக்கு. ஐடிவி சேனல்ல 1955ல ஆரம்பிச்சு 1988 வரைக்கும் ஓடிருக்கு, அதுலயும் சனிக்கிழம சாயங்காலம் நாலு மணின்னா ஃபுட்பால் ஸ்கோர் சொல்றதுக்கு முன்னாடி ஊரே டிவி முன்னாடிதான். பிக் டாடின்னு ஒருத்தரு, தொப்பைய வெச்சே எதிராளிய முட்டித் தள்ளுவாரு, கூட்டம் "ஈஸி, ஈஸி"ன்னு கத்தும். அவரு நெஜப் பேரு ஷெர்லி, ஆமா, ஷெர்லி கிராப்ட்ரீ. அவருக்கு வில்லன் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ், கிட்டத்தட்ட ஏழடி, தாடி, வைக்கப்போர் மாதிரியே உருவம். 1981ல வெம்ப்ளி அரீனால ரெண்டு பேருக்கும் பெரிய மேட்ச், மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. அந்த உடம்புகளுக்கு அதுவே அதிகம். அப்ப வில்லன்கள அடிக்கிறதுக்குன்னே முன் வரிசைல பாட்டிங்க குடையோட, ஹேண்ட்பேகோட உக்காந்திருப்பாங்களாம். "எங்கம்மா ஒருத்தன குடையால குத்திருக்காங்க"ன்னு இந்தப் பாட்டி சொன்னப்ப மொகத்துல அவ்ளோ பெரும.

சரி மேட்சுக்கு வரேன். எல்லாத்தயும் சொல்லப் போறதில்ல, ரெண்டு மேட்ச் சுமாரு, ஒண்ணு நான் சிப்ஸ் வாங்கப் போயிட்டேன். ரெண்டாவது மேட்ச்ல ஒரு ஹீல் வந்தான், வில்லனத்தான் ஹீல்னு சொல்லுவாங்க, ஊதா வெல்வெட் அங்கி, தலைல அரை டப்பா ஜெல்லு. வந்ததும் மைக்க வாங்கி, ஒரு ரூமு ஃப்ளாட்டுக்கு நாலு லட்சம் பவுண்டு கடன் வாங்கி இந்த ஊர்ல வந்து உக்காந்திருக்கீங்களேன்னு ஆரம்பிச்சான். அவ்ளோதான், ஹாலே பத்திகிச்சு, ஏன்னா பாதிப் பேருக்கு அந்தக் கடன் நெஜமாவே இருக்கு. அக்கா பையன் சேர் மேல ஏறி "பூ"ன்னு கேலியா கத்துறான், அந்த ஹீல் நேரா எங்ககிட்ட நடந்து வந்து, குனிஞ்சு, "உனக்கு நாளைக்கு ஸ்கூல் இல்லயா, போய் தூங்கு"ன்னான். பையன் உடனே, "நாளைக்கு சண்டே, இடியட்"ன்னான். பக்கத்து நாலு வரிசையும் சிரிச்சிருச்சு. இதுல நான் ரசிச்சது என்னன்னா, அந்த ஆளு அத அப்படியே எடுத்துகிட்டான், மொகம் செவந்து, அசிங்கப்பட்ட மாதிரி திரும்பிப் போனான், அதுக்குள்ள பின்னாடி இருந்து ஹீரோ வந்து ஒண்ணு குடுத்தான். ஒரு ஒம்போது வயசு பையன மேட்ச்சுக்குள்ள இழுத்துப் போட்டுட்டாங்க, அதுவும் அஞ்சே செகண்டுல.

அப்புறம் சாப். கை விரிச்சு நெஞ்சுல அறையறது. இத மட்டும் பொய்னு எவனாச்சும் சொன்னா முன் வரிசைல கொண்டு வந்து உக்கார வெக்கணும். மொத அடி விழுந்ததும் வெள்ளத் தோல்ல அஞ்சு விரலும் தனித்தனியா தெரிஞ்சுது. மூணாவதுக்கு விரலெல்லாம் ஒண்ணா சேந்து ஒரே செவப்பு. அதுக்கப்புறம் அங்கங்க பொடிப்பொடியா ரத்தப் புள்ளி, வேர்க்குரு மாதிரி. மூலைல சாஞ்சு நின்னு வாங்கிக்கிட்டவன் கண்ணுல தண்ணி, அதுல நடிப்பு எவ்ளோன்னு நான் கேக்கப் போறதில்ல.

பையன் என்ன விடல. "சித்தி, இது ஃபேக்கா?"

யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருக்காங்கடா, ஆனா விழுறது விழுறதுதான்னு சொன்னேன். அவனுக்கு அது போதுமா இருந்துச்சு. எனக்குப் போதல, அதனால மிச்ச நேரம் பூரா அவனுங்க எப்படிப் பண்றாங்கன்னே கவனிச்சிட்டு இருந்தேன். டிவில கேமரா மறைக்கிறது எல்லாம் இங்க தெரியும். ரிங்குக்குக் கீழ இரும்புச் சட்டம், அது மேல பலகை, அது மேல மெல்லிசா ஒரு ஃபோம், அது மேல கேன்வாஸ், அவ்ளோதான் மெத்த. விழும்போது தாடைய நெஞ்சோட ஒட்டிக்குவாங்க, இல்லன்னா பின்மண்ட அடிபடும். முதுகு பூரா ஒரே நேரத்துல படுற மாதிரி விழுந்து, ரெண்டு கையயும் தரைல அறைவாங்க, அடி ஒரே எடத்துல எறங்காம பரவுறதுக்கு. ஒதைக்கும்போது சத்தத்துக்கு தன் தொடையவே தட்டிக்கிறது, அது சிலரு நைசா பண்றாங்க, சிலருக்கு இன்னும் வரல, பச்சையா தெரியுது. ஒருத்தன் அசையாம கெடந்தா ரெஃப்ரீ குனிஞ்சு கைய புடிப்பாரு, மயக்கமான்னு பாக்குற மாதிரி இருக்கும், உண்மைல நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு, டைம் எவ்ளோ மிச்சம்னு காதுல போட்டுட்டுப் போவாரு. ஒருத்தன் இன்னொருத்தன தலகீழா தூக்கும்போது தூக்கப்படுறவன் உசுரு தூக்குறவன் கைல. எதிரியா நடிக்கிற ஆளுதான் அந்த ராத்திரிக்கு உன்னப் பாத்துக்கணும்.

ஃபேக்குன்னு சொல்லிட்டு சிரிக்கிறவங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். எங்க பாட்டி ஊர்ல விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும், துரியோதனன் தொட ஒடயப் போகுதுன்னு அத்தன பேருக்கும் தெரியும், யாராச்சும் பாதில எந்திரிச்சு "இதான் தெரியுமே"ன்னு வீட்டுக்குப் போனாங்களா? இதுவும் அதேதான். கம்பெனிக்காரங்களே எப்பவோ ஒத்துக்கிட்டாங்க, 1989ல நியூஜெர்சி செனட்ல டபிள்யூடபிள்யூஎஃப் (இப்ப டபிள்யூடபிள்யூஈ) தரப்பே இது எங்களுக்கு வெறும் என்டர்டெய்ன்மென்ட்னு சொல்லிருச்சு, ஸ்போர்ட்டுன்னா கமிஷன் கட்டுப்பாடு, ஃபீஸு அது இதுன்னு இருக்குல்ல. காசு மிச்சமாகும்னா ரகசியமாவது ஒண்ணாவது.

இன்டர்வலுக்கு அப்புறம் வந்த பொண்ணுங்க மேட்ச்தான் அன்னைக்கு பெஸ்ட்டு. ஒருத்தி குட்டையா, கால்பந்து விளையாடுற பொண்ணு மாதிரி கெட்டியான காலு, இன்னொருத்தி ஒசரம். குட்டப் பொண்ணு அந்த ஒசரப் பொண்ணோட எடது முட்டிய மட்டுமே குறி வெச்சு பத்து நிமிஷம் முறுக்குனா, ஒதச்சா, கம்பத்துல மோதுனா. ஒசரப் பொண்ணு கடைசி வரைக்கும் நொண்டுறத மறக்கவே இல்ல. ஆம்பளைங்க மேட்ச்ல அஞ்சு நிமிஷம் கால உடைப்பானுங்க, அடுத்த நிமிஷம் அதே கால்ல எகிறிக் குதிப்பானுங்க, எனக்கு அது ஆகவே ஆகாது. இந்தப் பொண்ணு ஜெயிச்சு கைய தூக்குனப்பவும் ஒத்தக்கால்லதான் நின்னா. இதே லண்டன்ல பொம்பளைங்க ரெஸ்லிங்குக்கு 1980கள் வரைக்கும் தடை இருந்துச்சுன்னா நம்புவீங்களா? இப்ப ஈவ்னு பொம்பளைங்களுக்கு மட்டுமே ஒரு கம்பெனி இருக்கு, 2018ல பெத்னல் கிரீன் யார்க் ஹால்லயே பெரிய ஷோ போட்டாங்க. நாரிச்ல அப்பா அம்மா நடத்துன சின்ன கம்பெனில பதிமூணு வயசுல எறங்குன பொண்ணுதான் பெய்ஜ், 2014ல அமெரிக்கால டபிள்யூடபிள்யூஈ மெய்ன் ஷோவுக்கு வந்த மொத நாளே சாம்பியன் ஆனா. வில் ஆஸ்ப்ரேங்கிற ரெஸ்லர் கூட பெத்னல் கிரீன்ல ரயில் பாலத்து அடில இருக்க ஒரு எடத்துல கத்துகிட்டவன்தான், 2023ல வெம்ப்ளி ஸ்டேடியத்துல எம்பதாயிரத்துக்கு மேல டிக்கெட் வித்த ஷோல பழைய ஸ்டார் கிறிஸ் ஜெரிக்கோவ ஜெயிச்சான்.

இதுல ஒரு கசப்பான விஷயமும் இருக்கு, பிள்ளைய கூட்டிட்டுப் போறவங்களுக்கு சொல்லாம விடக்கூடாது. 2020ல ஸ்பீக்கிங் அவுட்னு ஒரு அல கெளம்புச்சு, ட்ரெய்னிங் ஸ்கூல்லயும் மேடைக்குப் பின்னாடியும் நடந்த அத்துமீறல பத்தி நெறைய பொண்ணுங்க, பசங்க வெளிய சொன்னாங்க, பிரிட்டிஷ் ரெஸ்லிங்கே ஆடிப்போச்சு. எம்பிக்கள் குழு ஒண்ணு 2021ல ரிப்போர்ட் குடுத்துச்சு, ட்ரெய்னிங் ஸ்கூல ஸ்போர்ட்டா நடத்துங்க, ஷோவ நாடகம் மாதிரி கலையா நடத்துங்க, அப்பதான் புள்ளைங்க பாதுகாப்புக்கு ரூல்ஸ் வரும்னு. ஸ்போர்ட்டும் இல்ல கலையும் இல்லன்னு நடுவுல கெடந்ததால யாரும் கேள்வி கேக்கல, அதான் நடந்தது. நான் போன எடத்துல பாதுகாப்புக்குப் பொறுப்பு யாருன்னு பேரு, ஃபோன் நம்பரோட கதவுலயே ஒட்டியிருந்துச்சு. அது இல்லன்னா நான் பையன உள்ள கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன்.

முடிஞ்சதும் எல்லாரும் மெர்ச் டேபிளுக்குப் போறாங்க. இவங்களுக்கு ஷோல கெடைக்கிற காசு பாதி பெட்ரோலுக்கே போயிரும், ஒரு வண்டில நாலு பேரு சேந்து மூணு மணி நேரம் ஓட்டிட்டு வர்றாங்க, டிஷர்ட்டும் ஃபோட்டோவும் வித்தாதான் கைல எதாச்சும் நிக்கும். அந்த வெல்வெட் அங்கிக்காரனும் நின்னான். அக்கா பையன் அஞ்சு பவுண்ட நீட்டி ஃபோட்டோ கேட்டான். அவன் காச வாங்கிகிட்டான், ஃபோட்டோல மொகத்த வேற பக்கம் திருப்பிகிட்டான், முடிஞ்சதும் "டேபிள தொடாத"ன்னான். பையனுக்கு சந்தோஷம் தாங்கல. அவன் தள்ளிப் போனதும் அந்த ஆளு என்னப் பாத்து மெதுவா, பையன் சூப்பரு, அந்த சண்டே விஷயம் பிரமாதம்னு சொல்லிட்டு, நெஞ்ச தடவிகிட்டே உக்காந்தான்.

போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு: கைல காசு வெச்சுக்கோங்க, டேபிள்ல சில பேருகிட்ட கார்டு மெஷின் இருக்காது. கேம்டன் எலக்ட்ரிக் பால்ரூம், யார்க் ஹால் மாதிரி எடத்துல பெரிய பேருங்க வருவாங்க, ஆனா மொத தடவைக்கு சின்ன ஹாலுதான் சரி. பசங்களோட போனா மூணாவது வரிசை நல்லது, மொத வரிசைல உக்காந்தா எவனாச்சும் வெளிய பறந்து மடில விழுவான், பியர் கொட்டும், செக்யூரிட்டி வந்து எந்திரிங்க எந்திரிங்கன்னு தொரத்துவாரு. நான் மொத வரிசைலதான் உக்காருவேன், அது வேற விஷயம்.