கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

பெரிய விளையாட்டு மைதானங்களுக்கு ஒலி அமைப்பு செய்து தருவது என் வேலை. எந்த ஸ்பீக்கர், எங்கே மாட்டுவது, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்து, மாட்டிய பிறகு ஒவ்வொரு பகுதியாக அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பல வருடங்கள் இதைச் செய்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எத்தனை பேர் உட்காரலாம் என்ற பேச்சையும் ஒலியைப் பற்றிய பேச்சையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசக் கூடாது. அறிவிப்பு புரியாத இடத்தில் போட்ட நாற்காலியை இருக்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

இருக்கை எண்ணிக்கை என்றதும் நாற்காலிகளை எண்ணினால் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து வெளியேறியவர்கள் படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பின் பிரிட்டனில் ஒரு பாதுகாப்பு வழிகாட்டி வந்தது. தொழிலில் அதை 'கிரீன் கைடு' என்பார்கள். ஒரு பகுதியில் எத்தனை பேர் இருக்கலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வெளியேற முடியும், ஆபத்து வந்தால் எத்தனை பேர் தப்ப முடியும் என்று அது நான்கு எண்களைப் பார்க்கச் சொல்கிறது. நான்கில் எது குறைவோ அதுதான் அந்த மைதானத்தின் கொள்ளளவு.

வெளியேறும் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம். சமதளமான வழி என்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டு என்றால் 66 பேர். உச்ச வரம்பு 8 நிமிடம். ஆக, 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்றால் 633 பேரைத்தான் வெளியே அனுப்ப முடியும். அந்தப் படியை மட்டும் நம்பியிருக்கும் பகுதியில் 800 நாற்காலி போட்டிருந்தாலும் டிக்கெட் விற்கக்கூடியது 633-தான். 1950 உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டத்துக்கு பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டுமே 1,73,850 பேர். இன்று அதே மரக்கானாவில் சுமார் 78,000 பேருக்குத்தான் இடம். நின்று பார்க்கும் இடங்கள் போய் நாற்காலிகள் வந்தன, பாதுகாப்பு விதிகளும் இறுகின.

அவசர நேரத்துக்கு இன்னும் கடுமையான கணக்கு உண்டு. தீ அபாயத்தைப் பொறுத்து இரண்டரை நிமிடத்திலிருந்து 8 நிமிடத்துக்குள் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் வேலை இங்கேதான் நுழைகிறது. அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? மக்கள் எழுந்து நடக்கத் தொடங்கும்போதுதான். அவர்கள் எப்போது எழுவார்கள்? வெறும் மணி அடித்தால் யாரும் அசைவதில்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள், ஆட்டம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பகுதி, எந்த வழி, எந்தப் பக்கம் என்று ஒரு குரல் தெளிவாகச் சொன்னால் எழுவார்கள். அந்த வாக்கியம் புரியாமல் போகும் ஒவ்வொரு விநாடியும் படிக்கட்டுக்கான நேரத்திலிருந்துதான் கழிகிறது.

பாட்டுப் போடுவது சுலபம். கொஞ்சம் குழம்பினாலும் தாளம் கேட்டால் கூட்டம் ஆடும். பேச்சுதான் கஷ்டம். திறந்தவெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 10 மீட்டரிலிருந்து 160 மீட்டருக்குப் போனால் 24 டெசிபல் போய்விடும். அந்தக் காலத்தில் ஸ்கோர்போர்டின் மேல் பெரிய ஹாரன் ஸ்பீக்கர்களைக் கொத்தாக வைத்து மைதானம் முழுவதையும் சமாளிப்பார்கள். கடைசி வரிசைக்குப் போதுமான சத்தம் வைத்தால் முன் வரிசைக்காரர்களுக்குக் காது வலிக்கும்.

அதனால் இப்போது கூரையின் அடியில் வரிசையாக, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஸ்பீக்கர்களைத் தொங்கவிடுகிறோம். சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால் வேறொன்று வருகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். என் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரின் குரல் உடனே வரும். எதிர்ப்புறக் கூரையில் இருப்பதன் குரல் 150 மீட்டர் தாண்டி 0.4 விநாடிக்கு மேல் கழித்து வரும். சாதாரணப் பேச்சில் அந்த இடைவெளிக்குள் இரண்டு அசைகள் ஓடிவிடும். 'இடது பக்கம் போங்கள்' என்ற அறிவிப்பில், 'பக்கம்' காதில் விழும் நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து 'இடது' வந்து அதன் மேல் உட்காரும். இடதா வலதா என்பதே தெரியாமல் போகும். இதைக் குறைக்கத்தான் ஸ்பீக்கர்களின் முகத்தைக் கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்து, ஆடுகளத்துக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் ஒலி கசியாமல் பார்த்துக்கொள்கிறோம். முன்பின் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு டிலே கொடுத்து, அதாவது ஒன்றின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி, இரண்டின் குரலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும்படி செய்கிறோம். சுமார் 30 மில்லிவிநாடிக்குள் வந்தால் காது இரண்டையும் ஒரே குரலாக எடுத்துக்கொள்ளும்.

வெப்பமும் இதில் விளையாடும். ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரி மதியத்தில் சரிசெய்த டிலே 20 டிகிரி இரவில் 150 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 11 மில்லிவிநாடி பிசகியிருக்கும். அதனால் ஆட்டம் நடக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பேன்.

ஓட்டப் பந்தயத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். துப்பாக்கி முதல் தடத்தின் பக்கம் வெடித்தால் எட்டாவது தடத்தில் நிற்பவருக்குச் சத்தம் சுமார் 25 மில்லிவிநாடி தாமதமாகப் போகும். நூறில் ஒரு விநாடியில் பதக்கம் மாறும் விளையாட்டில் இது பெரிய அநியாயம். அதனால்தான் ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு ஸ்பீக்கர் வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை அளக்க எஸ்.டி.ஐ. என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் ஒன்றும் புரியாது, 1 என்றால் முழுக்கப் புரியும். அவசர அறிவிப்புக்குப் பொதுவாக 0.5 வேண்டும் என்பார்கள். சோதனைக்கென்றே ஒரு சத்தம் உண்டு, மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும் கரகரப்பு. அது மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, மீட்டரைக் காது உயரத்தில் பிடித்து அசையாமல் நின்று ஒரு அளவு, நாலு வரிசை தாண்டி இன்னொரு அளவு என்று போக வேண்டும். நடுவில் உள்ள நல்ல இடங்களில் நான் அதிகம் நிற்பதில்லை. மேல்மாடத்தின் தரை கூரைபோல் மறைக்கும் கீழ்மாடத்துக் கடைசி வரிசைகள், மூலைகள், சக்கர நாற்காலிக்கான இடங்கள், கழிப்பறைகள் என்று இவற்றுக்குத்தான் முதலில் போவேன்.

காலியான மைதானத்தில் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காலி பிளாஸ்டிக் நாற்காலியும் கான்கிரீட்டும் ஒலியைத் திருப்பியடிக்கும், மனித உடல்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். 2020-ல் ஆளில்லாத மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது பயிற்சியாளர் கத்துவது முழங்கியது நினைவிருக்கும். ஆனால் கூட்டம் நிரம்பினால் எதிரொலி குறைகிற அதே நேரத்தில் இரைச்சல் ஏறிவிடும். 2014-ல் அமெரிக்காவின் ஏரோஹெட் மைதானத்தில் ரசிகர்களின் ஆரவாரம் 142.2 டெசிபல் என்று உலக சாதனையாகப் பதிவானது. அதை எந்த ஸ்பீக்கராலும் வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. 1965-ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் இசைக்குழு பாடியபோது 55,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். மேடையில் இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள், பாட்டு போனது மைதானத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்கள் வழியாக. கூச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. 10 டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் அறிவிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஆரவாரம் இறங்கும் வரை பொறுங்கள், சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், நிறுத்தி மறுபடியும் அதையே சொல்லுங்கள்.

ஒரு மைதானத்தில் பெரிய ஆட்டம் ஒன்றுக்காக மூலைகளில் தற்காலிக இருக்கைகளை ஏற்றினார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் நாற்காலி. எங்களுக்குச் சொன்னதே எல்லாம் கட்டி முடித்த பிறகுதான். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், "வால்யூமைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க சார், போதும்" என்றார். அளந்து பார்த்தேன். பின் வரிசைகளில் 0.38 வந்தது. வால்யூமை ஏற்றிக் காட்டினேன், எண் அசையவே இல்லை. சத்தத்தோடு சேர்ந்து எதிர்ச் சுவரின் எதிரொலியும் ஏறியதுதான் காரணம். "இந்த வரிசைக்குக் கம்பம் நட்டுத் தனி ஸ்பீக்கர் வேண்டும், இல்லையென்றால் இந்த டிக்கெட்டுகளை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். வாக்குவாதம் நீண்டது. என் மேலதிகாரி என் பக்கம் நின்றார். கடைசியில் கம்பம் வந்தது, பின்னால் இரண்டு வரிசைகளையும் எடுத்தார்கள். டிக்கெட் பணத்தில் அது அவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம்தான். ஆனாலும் அந்த முடிவில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

இப்போதெல்லாம் புதிய மைதானம் என்றால் கூரையின் முதல் வரைபடம் வரும் நாளிலேயே எங்களையும் கூப்பிடச் சொல்கிறேன். ஸ்பீக்கர் கொத்து ஒன்று பல நூறு கிலோ இருக்கும். அதைத் தாங்கும் உத்தரம், பழுது பார்க்க ஆள் நடந்து போகும் பாலம், தீயிலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும் கேபிள், மின்சாரம் போனால் ஓட பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். கூரை முடிந்த பிறகு கேட்டால் இவற்றில் ஒன்றுக்கும் இடம் இருக்காது.